கொபினா இன்னும் பதில் எழுதுகிறான்

வியூ ஃபோர் ஊரில் வெர்னாவைப் பிள்ளை பிடிக்கிறவள் என்றுதான் சொல்வார்கள். ரொட்டிக் கடையில் நின்றாலும் சரி, மீன் வாங்கப் போனாலும் சரி, "என்ன வெர்னா, இந்தத் தடவை எத்தனை பிள்ளை மாட்டுச்சு?" என்று எவனாவது கேட்காமல் இருக்க மாட்டான். அவளும் சும்மா வாங்கிக்கொண்டு போகிறவள் இல்லை. "நான் பிடிக்கலேன்னா உன் மாடி ரூமை யாருக்கு விடுவே? வௌவாலுக்கா?" என்பாள். கேட்டவன் அடங்கிவிடுவான்.

கரீபியன் கடலில் இருக்கிற செயின்ட் லூசியாத் தீவின் தென்கோடியில், விமானம் இறங்குகிற இடத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது அந்த மருத்துவக் கல்லூரி. அதன் பெயரில் 'சர்வதேச' என்ற சொல் இரண்டு முறை வரும். கட்டடம் என்னவோ மூடிப்போன சட்டைத் தொழிற்சாலைதான். கனடாவிலும் லண்டனிலும் இடம் கிடைக்காத பிள்ளைகளை ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே வரவழைப்பது வெர்னாவின் வேலை. அக்ராவுக்கும் லாகோஸுக்கும் டுவாலாவுக்கும் போன் போட்டு, பெற்றவர்களிடம் நயமாகப் பேசி, பிள்ளை விமானம் ஏறுகிற வரைக்கும் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பதினோரு வருஷமாக அதைச் செய்கிறாள்.

இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் ஒன்று தெரியும். ஆபீஸ் சொன்னால் எவனும் நம்ப மாட்டான். ஏற்கெனவே அங்கே படிக்கிற பிள்ளை சொன்னால் நம்புவான். அதனால்தான் எந்தக் கல்லூரியின் வெப்சைட்டைத் திறந்தாலும் ஓரத்தில் ஒரு சிரித்த முகம் இருக்கும். எங்கள் கல்லூரியின் சிரித்த முகம் கொபினா குவான்சா. கானாவின் கேப் கோஸ்ட் ஊர்க்காரன், மூன்றாம் வருஷம். வெள்ளைக் கோட்டோடு கடல் சுவரில் உட்கார்ந்திருப்பான். படத்துக்குக் கீழே 'கொபினாவிடம் கேளுங்கள்' என்று ஒரு பொத்தான். சோறு கிடைக்குமா, பாம்பு உண்டா, நம்ம முடியை வெட்டத் தெரிந்த ஆள் இருக்கிறானா, எதைக் கேட்டாலும் சலிக்காமல் பதில் எழுதுவான். அதற்காகக் கட்டணத்தில் அவனுக்குக் கொஞ்சம் தள்ளுபடி.

அவன் குடியிருந்தது வெர்னா வீட்டின் கீழ் அறையில். புருஷன் போய்ச் சேர்ந்து, மகனும் பக்கத்துத் தீவான மார்ட்டினிக்கில் போய் உட்கார்ந்துவிட்ட பிறகு, அந்த வீட்டில் பேச்சுத் துணை என்றால் அவன்தான்.

"ஆன்ட்டி, இந்த மீன் குழம்புல காரமே இல்ல. ஆஸ்பத்திரிச் சாப்பாடா இது?" என்பான் தட்டை வழித்துக்கொண்டே.

"காரம் வேணும்னா உங்கம்மாவை வரச் சொல்லு."

"அவங்க வந்தா நீங்க தாங்க மாட்டீங்க ஆன்ட்டி. உங்களையே ஒரு ஓரமா உக்கார வெச்சிருவாங்க."

ஈஸ்டர் ஞாயிறு அன்று குளிக்க இறங்கிய அவனைக் கடல் இழுத்துக்கொண்டு போனது. கிழக்குப் பக்கத்துக் கடலில் ஊர்க்காரன் எவனும் இடுப்புக்கு மேலே இறங்க மாட்டான். அதை வந்த பிள்ளைகளுக்கு யார் சொல்ல வேண்டும்? கல்லூரி சொல்ல வேண்டும். கல்லூரி எப்படிச் சொல்லும்? அதே கடலைத்தானே படம் பிடித்துப் போட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டது. மறுநாள் காலை மீனவர்கள் அவன் உடலைக் கொண்டுவந்தார்கள். சேர்க்கைப் பிரிவுக்குத் தலைவர் ஹாட்லி பொலியஸ் என்கிற புண்ணியவான், "எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு வெர்னா. நீதானே வீட்டுக்காரம்மா, நீ போய் அடையாளம் சொல்லிட்டு வந்துடு" என்றார். வெர்னா போய்ப் பார்த்தாள். அவன் வலது புருவத்தில் மணல் ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

உடலை உள்ளே வைத்துத் தகரத்தைப் பற்றவைத்து, திறக்கக் கூடாது என்று சீல் ஒட்டிப் பெட்டியைக் கானாவுக்கு அனுப்பினார்கள். எங்கள் தீவில் ஒருவர் செத்தால் முதல் நாள் ராத்திரியும் எட்டாம் நாள் ராத்திரியும் வீட்டில் ஆள் கூடிப் பாட வேண்டும். இல்லாவிட்டால் போகிறவருக்குப் போக வழி தெரியாது. வெர்னா எட்டாம் நாளுக்குக் கோகோ டீக்கும் ரொட்டிக்கும் சொல்லிவைத்திருந்தாள். ஹாட்லி கேள்விப்பட்டுக் கூப்பிட்டனுப்பி, "ஊரைக் கூட்டாதே. மத்த பிள்ளைங்க பயந்துடும்" என்றார். அவளும் தலையாட்டிவிட்டாள். அந்த அறையைப் பூட்டி வைத்தாள்.

மூன்று வாரம் கழித்து ஹாட்லி அவள் மேசைக்கே வந்தார். அவர் மேசைக்கு வந்தால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம்.

"நாப்பது பேருக்கு மேல கேள்வி கேட்டுட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்க, வெர்னா."

"யாருக்கு?"

"கொபினாவுக்கு."

"சார், அவன் செத்துட்டான்."

"எனக்குத் தெரியாதா? அவன் இடத்துக்கு வேற பிள்ளையைத் தேடிப் பிடிக்கிற வரைக்கும் நீ அவன் பேர்ல பதில் எழுது. அவன் எப்படிப் பேசுவான்னு உன்னை விட்டா யாருக்குத் தெரியும்? செப்டம்பர் சேர்க்கை படுத்துடுச்சுன்னா உனக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல."

அவள் செய்தாள். பயந்து செய்தாள் என்று சொல்லி அவளைக் காப்பாற்ற எனக்கும் ஆசைதான். ஆனால் அது பாதி உண்மை. முதல் பதிலை எழுதியதுமே அவளுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பூட்டிய அறையைத் திறந்து, அவன் மேசையிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். "தம்பி, இங்க பாம்பு என்னைப் பாத்துத்தான் பயப்படுது, நீ தைரியமா வா" என்று எழுதிவிட்டுத் தானே சிரிப்பாள். அவனைத் தவிர வேறு யாருக்கும் வராத கிண்டல் அவள் விரலில் வந்தது. சில நாள் எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், இதை நானா எழுதினேன் என்று இருக்கும்.

செப்டம்பரில் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் கல்லூரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற வெர்னாவிடம், லாகோஸிலிருந்து வந்த ஒலாமிடே என்ற பெண் பெட்டியைக் கீழே வைத்ததுமே கேட்டாள்.

"கொபினா அண்ணன் எங்க? நேத்து ஏர்போர்ட்ல அழுதுக்கிட்டு இருந்தேன், அவர்தான் தைரியம் சொன்னாரு. நான் வந்து நிப்பேன்னாரு."

 வந்து நிற்பேன் என்று வெர்னா எழுதவே இல்லை. எழுதினாளா? நினைவில்லை.

"லீவுக்கு ஊருக்குப் போயிருக்கான்," என்றாள்.

"எப்ப வருவாரு?"

"வருவான். நீ வண்டில ஏறு."

அப்புறம் அந்தப் பெண் எங்கே பார்த்தாலும் கேட்டாள். வெர்னா அவளைக் கண்டால் தெரு மாறிப் போனாள்.

எழுதுகிறவர்களில் பெற்றவர்களும் உண்டு. அதில் எஸி என்ற பெயரில் எழுதும் ஒரு கானாக்கார அம்மா ஜூனிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தாள். மகளைச் சேர்க்கப் போகிறாளாம். ஆனால் கட்டணம், தேர்வு எதையும் கேட்க மாட்டாள். இன்று என்ன சாப்பிட்டாய், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாயா, துணியை யார் துவைக்கிறார்கள், இதுதான். இப்படிப்பட்ட அம்மாக்களைப் பொறுமையாக வைத்துக்கொண்டால் கடைசியில் பிள்ளையை அனுப்பிவிடுவார்கள் என்பது வெர்னாவின் பதினோரு வருஷ அனுபவம். அதனால் ஒரு நாள் விடாமல் பதில் எழுதினாள். உப்பு மீனும் வாழைக்காயும் சாப்பிட்டேன், துணி நானே துவைக்கிறேன், நல்லா இருக்கேன், கவலைப்படாதீங்க. ஒரு நாள் அந்த அம்மா, "மழைக்காலமாச்சே, கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "இடது முழங்கால்தான் விண்ணு விண்ணுன்னு வலிக்குது, மத்தபடி பரவாயில்ல" என்று வெர்னா யோசிக்காமல் எழுதினாள். அதற்கு அப்புறம் இரண்டு நாள் அங்கிருந்து சத்தமே இல்லை. மூன்றாம் நாள் ஒரே ஒரு வரி வந்தது: "கடவுளுக்கு நன்றி."

நவம்பரில் அதே எஸியின் பெயரிலிருந்து வேறு மாதிரி ஒரு கடிதம் வந்தது. மதியம், சாப்பாட்டு வேளை. வெர்னா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே படித்தாள்.

"நீங்க யாரா இருந்தாலும் சரி, உங்க கால்ல விழுந்து கேக்குறேன். நான்தான் எஸி, கொபினாவோட தங்கச்சி. இதுவரைக்கும் எழுதினது நான் இல்ல, எங்கம்மா. என் போனை எடுத்து எழுதியிருக்காங்க, இப்பத்தான் பாத்தேன். பெட்டியைத் திறக்க விடாததால உள்ள இருக்கிறது அவன் இல்லன்னு ஒரே பிடிவாதம். அவன் முகம் உங்க வெப்சைட்ல இருக்கு, பதிலும் வருது. சோதிச்சுப் பாத்தாங்களாம், முழங்கால் சரியா சொன்னானாம். என் பிள்ளை உயிரோட இருக்கான், எவன் பிள்ளையையோ என் கையால புதைக்க மாட்டேன்னு சொல்றாங்க. ஏழு மாசமா எங்க அண்ணன் பிணவறையில கிடக்குறான். ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லுங்க. அம்மாகிட்ட சொல்லுங்க."

வெர்னாவால் ரொட்டியை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அடிப்பாவி, அடிப்பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். எழுந்து நேரே ஹாட்லியின் அறைக்குப் போய்ப் போனை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாவம்தான்," என்றார். "இதுக்குப் பதில் எழுதாதே. வக்கீல்கிட்ட கேக்கணும்."

"வக்கீலா? ஒரு தாய் பிள்ளையைப் புதைக்காம வெச்சிருக்கா, சார்."

"ஜனவரி சேர்க்கை முடியட்டும், சத்தமில்லாம எடுத்துடலாம். இப்ப எடுத்தா, அவனை நம்பிப் பணம் கட்டுன அத்தனை பேரும் கேள்வி கேப்பாங்க."

"இன்னைக்கே எடுங்க."

"நீ உணர்ச்சிவசப்படுறே. வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் ரெஸ்ட் எடு."

அவள் வீட்டுக்குப் போனாள். போய், கீழ் அறையில் உட்கார்ந்து, கொபினாவின் பெயரிலேயே எஸிக்கு எழுதினாள்: "நான் கொபினா இல்ல. அவன் குடியிருந்த வீட்டுக்காரி. என் நம்பர் இது. அம்மாவைப் பேசச் சொல்லும்மா." அரை மணி நேரத்துக்குள் ஆபீஸில் அதைப் பார்த்துவிட்டார்கள். பாஸ்வேர்டை மாற்றி, புதிதாகச் சேர்ந்த ஷெர்மெய்னிடம் கொடுத்துவிட்டார்கள். வெர்னா அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய்க் கெஞ்சினாள். ஷெர்மெய்ன் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "எனக்கு இந்த வேலை வேணும், மிஸ் வெர்னா. நீங்க மட்டும் ஆறு மாசம் செய்யலையா?" என்றாள். வெர்னா திரும்பி வந்தாள்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. அழுகையோ கத்தலோ வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது நிதானமான குரல்.

"வீட்டுக்காரம்மா நீதானா?"

"ஆமாம்மா."

"என் பிள்ளையைப் பாத்தியா?"

"பாத்தேன். நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"அவன்தானா?"

"அவன்தாம்மா. முகம் மாறவே இல்ல. புருவத்துல மணல் இருந்துச்சு. துடைச்சுவிட்டேன்."



"அப்ப என்கிட்ட தினம் பேசினது?"

"நான்."

"முழங்கால்?"

"அதுவும் நான்தான்."

"இடதுன்னு உனக்கு யாரு சொன்னா? பந்து விளையாடப் போய் ஒடிச்சுக்கிட்டு வந்தான். அவங்கப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவார்னு நானும் அவனும் மட்டும் மறைச்ச விஷயம் அது. எஸிக்கே இப்பத்தான் தெரியும்."

வெர்னா யோசித்துப் பார்த்தாள். இரண்டு வருஷம் அவன் சாப்பிட மேலே படியேறி வரும் சத்தத்தைக் கேட்டவள்தான். ஆனால் அவன் நொண்டியதாக நினைவில்லை. வலி என்று ஒரு நாள் சொன்னதும் இல்லை.

"தெரியலம்மா. கை தானா எழுதுச்சு."

"எழுதும்," என்றாள் அந்தத் தாய். "செத்தவனைப் போக விடாம வெச்சிருந்தா எழுதத்தான் செய்வான். நீ பதில் போட்டே, நான் அவனைப் பனிக்கட்டியில போட்டு வெச்சேன். ரெண்டு பேரும் சேர்ந்து என் பிள்ளையை விடலை."

"மன்னிச்சிடுங்கம்மா."

"என்கிட்ட கேக்காதே. அவன் வாயாலதானே பேசினே, அவன்கிட்டயே சொல்லு. இந்தச் சனிக்கிழமையே அடக்கம் பண்ணிடறேன். இறக்குறதுக்கு முன்னாடி எங்காளுங்க ஒவ்வொருத்தரா அவன்கிட்ட பேசுவாங்க, எங்க வழக்கம் அது. நீயும் பேசணும். எஸி போனைப் பெட்டி மேல வைப்பா."

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே வெர்னா குளித்து, புருஷன் அடக்கத்துக்குப் போட்ட கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு கீழ் அறையில் உட்கார்ந்தாள். கானாவில் அப்போது பகல் பத்து மணி. காத்திருக்கும் நேரத்தில் மனசு கேட்காமல் கணினியில் கல்லூரி வெப்சைட்டைத் திறந்து பார்த்தாள். கடல் சுவர், வெள்ளைக் கோட்டு, சிரிப்பு. யாரோ மாதிரி, "அண்ணா, ஜனவரியில் வந்தால் குளிருமா?" என்று கேட்டு எழுதினாள். பதில் உடனே வந்தது. "குளிரா? இங்க வந்து வேர்க்குதுன்னு என்னைத் திட்டப் போறே. தைரியமா வா, நான் பாத்துக்கறேன்." ஷெர்மெய்ன் இந்நேரத்துக்கு ஆபீஸுக்கு வருகிறவள் இல்லை. சனிக்கிழமை வேறு. அப்படியென்றால் இதை எழுதியது யார்? வெர்னா சட்டென்று கணினியை மூடி வைத்தாள்.

போன் அடித்தது. எஸியின் குரல், "வெச்சுட்டேன், பேசுங்க" என்றது. பின்னால் நிறைய ஆட்கள் இருக்கும் சத்தம், அப்புறம் அதுவும் அடங்கியது.

 ஆறு மாசமாக அவனாக இருந்து ஊர் உலகத்தோடெல்லாம் பேசியவளுக்கு, அவனோடு பேச வாய் வரவில்லை.

"கொபினா," என்றாள். "நான்தாண்டா, வெர்னா. கீழ் ரூம்லதான் உக்காந்திருக்கேன். நீ போனப்புறம் உனக்காக யாரையும் கூட்டல. கூட்டாதேன்னாங்க, நானும் சரின்னுட்டேன். அது ஒரு தப்பு. அப்புறம் உன் பேர்ல நான் பேசினேன். உன் பேச்சைக் கேட்டுட்டே இருக்கணும் போல இருந்துச்சு, அதான். வேலைக்காகவும்தான், பொய் சொல்லல. உன்னை நம்பிப் பிள்ளைங்க வந்து இறங்குச்சுங்க. உங்கம்மாவை ஏமாத்திட்டேன். தெரிஞ்சு செய்யல. ஆனா செஞ்சேன். உன்னைப் பிடிச்சு வெச்சது நான்தான். விட்டுட்டேன்ப்பா. நீ போ."

அவள் அழுதாள். வெட்கப்படாமல், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கம் யாரோ வயசானவர் ஏதோ சொன்னார். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. அப்புறம் தாயின் குரல் பக்கத்தில் வந்தது.

"பெரியவர் ஒண்ணு கேக்குறாரு, மகளே. கூப்பிட்டுக்கிட்டே இருந்தா அவனால போக முடியாது. இனிமே அவன் பேரை வெச்சு அங்க யாரும் கூப்பிட மாட்டாங்கன்னு அவன் காதுல சொல்லிடு. கயிறு பிடிச்சு நிக்கிறாங்க. நீ சொன்னாத்தான் இறக்குவாங்க."

வெர்னா மூடி வைத்த கணினியைப் பார்த்தாள். அதில் அவன் பேரில் இன்னும் பதில் வருகிறது என்ற உண்மையைச் சொன்னால் கயிறு இறங்காது. வெயிலில் நிற்கிற அந்தத் தாய் பெட்டியைத் திரும்பவும் பனிக்கட்டிக்கு எடுத்துப் போவாள். இன்னும் எத்தனை மாசமோ. ஹாட்லியின் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது. அவர் இல்லை அங்கே. அவள்தான் இருந்தாள்.

"சொல்லு, மகளே."

"யாரும் கூப்பிட மாட்டாங்க, கொபினா," என்றாள் வெர்னா. குரல் கொஞ்சமும் பிசகவில்லை. பதினோரு வருஷமாகப் பெற்றவர்களிடம் பேசிப் பழகிய குரல் அது. "நான் பாத்துக்கறேன். நீ நிம்மதியாப் போ."

கயிறு உரசுகிற சத்தம் கேட்டது. பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். முதல் பிடி மண் பெட்டி மேல் விழுந்தது.

"நல்லா இரு, மகளே," என்றாள் கொபினாவின் அம்மா. "எழுத்துல எதை நம்புறதுன்னு தெரியல. இன்னைக்கு உன் குரலைக் கேட்டேன். இதுல பொய் இல்ல."

வெர்னா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அங்கே மண் தள்ளி முடிகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.